விற்பவருக்கு வாய்ப்பூட்டு: ஈபேயின் 2008 விதிமாற்றம் சொல்லும் பாடம்

2008 மே மாதம் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் தன் இணையச் சந்தையின் மதிப்பீட்டு விதியைத் திருத்தியது. அதுவரை ஒரு வியாபாரம் முடிந்ததும் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் நல்லது, நடுத்தரம், மோசம் என்ற மூன்றில் ஒன்றால் மதிப்பிட்டு, கூடவே ஒரு வரிக் குறிப்பும் எழுதலாம். திருத்தத்துக்குப் பிறகு ‘மோசம்’ என்று எழுதும் உரிமை வாங்குபவரிடம் மட்டும் நின்றது. விற்பவர் தன் வாடிக்கையாளரைப் பற்றி ‘நல்லது’ என்று எழுதலாம். இல்லையென்றால் பேசாமல் இருக்கலாம். விற்பவர்கள் இதை வாய்ப்பூட்டாகப் பார்த்தார்கள். வாங்குபவர் அஞ்சாமல் உண்மை பேச வேறு வழியில்லை என்றது நிறுவனம். இதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் பிறகு நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் முடிவு இரு தரப்புக்கும் முழுதாக உவப்பானதல்ல. விற்பவர் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்தது சரியே. ஆனால் அதே கருவி தற்காப்புக்கும் பிறரை எச்சரிக்கவும் பயன்பட்டுவந்தது. பறித்தவர் அந்த இரண்டு வேலைகளையும் ஒழுங்காக ஏற்றுக்கொண்டாரா என்பது தனிக் கேள்வி. என் வாதம் இதுதான்: ஒருவரின் பதிலடியைத் தடுக்கும் சந்தை அவருடைய முறையீட்டைக் கேட்கக் கடமைப்பட்டது, அந்தக் கடமையைச் சந்தை நடத்துபவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது.

பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கிய ஏலத்தளமே பின்னாளில் ஈபே ஆனது. கடைத்தெருவில் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். ஏமாந்தால் மறுநாள் அதே வாசலில் போய் நியாயம் கேட்கலாம். இணைய ஏலத்தில் இரண்டும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருவருக்குக் காசோலையைத் தபாலில் அனுப்பிவிட்டு, பொருள் வரும் என்று காத்திருக்க வேண்டும். தளம் பொருளைச் சேமித்து வைக்கவில்லை, அனுப்பவுமில்லை. வந்த தகராறுகளைத் தீர்த்துவைக்க ஒமிட்யாருக்கு ஆள்பலமும் இல்லை. 1996 பிப்ரவரியில் அவர் கண்ட வழி, பயனர்களே ஒருவரையொருவர் பகிரங்கமாக மதிப்பிடும் ஏற்பாடு. நேர்மையாக நடந்தவருக்கு ஒரு புள்ளி கூடும், ஏமாற்றியவருக்கு ஒன்று குறையும், குறிப்புகள் அனைவர் கண்ணிலும் படும். நீதிமன்றமோ போலீசோ செய்யவேண்டிய வேலையைப் பெயரும் பழியும் செய்தன. இந்த ஏற்பாட்டில் விற்பவரும் வாங்குபவரும் சமமானவர்கள். பணம் அனுப்பாமல் இழுத்தடிக்கும் வாங்குபவரைப் பற்றி விற்பவரும் ஊரறியச் சொல்லலாம்.

நற்பெயருக்கு இங்கே உண்மையிலேயே விலை உண்டா என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் விடை கிடைத்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பால் ரெஸ்னிக், ஹார்வர்டின் ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகியோர் அடங்கிய குழு பழைய அஞ்சல் அட்டைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. ஈபேயில் நெடுநாளாக அஞ்சல் அட்டை விற்றுப் பெயர் பெற்ற ஒருவர், ஒரே தரமான அட்டைகளில் ஒரு பங்கைத் தன் பழைய கணக்கிலும் மறுபங்கைப் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் ஏலத்துக்கு விட்டார். 2006இல் வெளிவந்த முடிவின்படி, பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் சுமார் 8.1 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். லூயி கப்ரால், அலி ஹோர்தாச்சு ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. முதன்முறையாக ஒரு ‘மோசம்’ விழுந்ததும், அதுவரை வாரத்துக்கு 5 விழுக்காடு வளர்ந்துவந்த விற்பனை 8 விழுக்காடு சரிவாக மாறியது. நற்பெயர் என்பது விற்பவரின் முதலீட்டில் ஒரு பங்கு. ஒரே ஒரு கறை அதன் மதிப்பைக் கீழே இழுத்துவிடும். பின்னால் நடந்த சண்டை ஏன் அவ்வளவு உக்கிரமாக இருந்தது என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும்.

இந்த அருமையான ஏற்பாட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு விந்தை இருந்தது. ரெஸ்னிக்கும் செக்ஹவுசரும் 1999ஆம் ஆண்டின் ஈபே பதிவுகளை ஆராய்ந்தபோது, கருத்துச் சொன்ன வாங்குபவர்களில் 99.1 விழுக்காட்டினர் ‘நல்லது’ என்றே எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பழைய சாமான்களைத் தபாலில் விற்றுக்கொள்ளும் ஒரு சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தியாக இருப்பது நம்பக்கூடியதல்ல. விடை மௌனத்தில் இருந்தது. வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் எதுவுமே எழுதவில்லை. கிறிசாந்தோஸ் டெல்லாரோகாசும் சார்லஸ் வுட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரிய நாணய ஏலங்களை எடுத்துக்கொண்டு, யார் எப்போது பேசுகிறார்கள், எப்போது பேசாமல் போகிறார்கள் என்பதைக் கணக்கிட்டார்கள். மௌனத்தையும் எண்ணிக்கையில் சேர்த்தால் உண்மையில் திருப்தியடைந்த வாங்குபவர்கள் சுமார் 79 விழுக்காடுதான் என்று 2008இல் மதிப்பிட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் பொய் எழுதவில்லை. வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் திறக்கவில்லை? சோம்பல் ஒரு காரணம். பெரிய காரணம் பயம். அந்தப் பயம் எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பொருள் சேதமாக வந்து சேர்கிறது. வாங்கியவர் ‘மோசம்’ என்று பதிகிறார். விற்பவர் தன் மதிப்பீட்டை அதுவரை பிடித்துவைத்திருந்தால், பணம் உரிய நேரத்தில் வந்திருந்தாலும் பதிலுக்கு வாங்கியவர் மீது ஒரு ‘மோசம்’ போடலாம். இருவரும் சம்மதித்தால் இரண்டு மதிப்பீடுகளையும் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி அப்போது இருந்தது. சமாதானத்துக்காக வந்த அந்த விதி பேரப் பொருளாகிவிட்டது. விற்பவர் முதலில் ஒரு பதிலடி கொடுப்பார். பிறகு நீ எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்று சொல்வார். புள்ளிக் கணக்கில் இருவரும் உத்தமர்களாகவே எஞ்சுவார்கள். அடுத்து வாங்க வருபவர் பார்க்கும் எண்ணில் எதுவும் தெரியாது. விவரம் தெரிந்த விற்பவர் முதலில் மதிப்பிடவே மாட்டார். வாங்கியவர் பேசும்வரை தன் மதிப்பீட்டைப் பிணையாக வைத்திருப்பார். இதைத் தவறான மனிதர்களின் குணக்கேடு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு ‘மோசம்’ விற்பனையைச் சரிக்கும் என்றால், அதைத் தடுக்கும் கருவி கையில் இருக்கையில் பயன்படுத்தாதவர் நட்டப்படுவார். விதியே அப்படி நடக்கத் தூண்டியது.

மாற்றம் வந்த நேரமும் அது வந்த துணையும் எதிர்ப்புக்குச் சூடேற்றின. 2008 ஜனவரியில் ஈபேயின் தலைமை மெக் விட்மனிடமிருந்து ஜான் டோனஹோவுக்குக் கைமாறவிருந்த வேளையில் ஒரு தொகுப்பாகவே மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. பொருளைப் பட்டியலிடும் கட்டணம் குறைந்தது. விற்றால் எடுக்கும் கமிஷன் கூடியது. ஏலத்தில் விற்கும் விலையின் முதல் 25 டாலருக்கு 5.25 விழுக்காடாக இருந்த கமிஷன் 8.75 விழுக்காடானது. 20 டாலர் பொருளுக்கு முன்பு 1.05 டாலர் கொடுத்தவர் இனி 1.75 டாலர் கொடுக்கவேண்டும். பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் விற்பனையாளர்கள் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினார்கள். அவர்களுடைய குறைகளில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் கலந்துவிடக்கூடாது. கமிஷன் என்பது பேரம். வேறு சந்தையோடு ஒப்பிட்டு அதை அளக்கலாம், கட்டுப்படியாகாவிட்டால் விலையில் ஏற்றலாம். மதிப்பீட்டு உரிமை அப்படியல்ல. அது குற்றம் சாட்டப்படும்போது பதில் சொல்வது பற்றியது. முதல் வகைக் குறையோடு பலருக்கு அனுதாபம் வராமல் போகலாம். இரண்டாவது வகையை எடைபோட, மாற்றத்துக்குப் பின் சந்தையில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும்.

அதைப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே தயாராக இருந்தது. மாற்றத்துக்கு ஓராண்டு முன்பு, 2007 மே மாதம், ஈபே வாங்குபவர்களுக்கு நான்கு தனித்தனி நட்சத்திர மதிப்பெண்களை அறிமுகப்படுத்தியிருந்தது. பொருள் விவரித்தபடி இருந்ததா, விற்பவர் ஒழுங்காகத் தொடர்புகொண்டாரா, சீக்கிரம் அனுப்பினாரா, அனுப்பும் கட்டணம் நியாயமா என்ற நான்கும் ஐந்து நட்சத்திரத்தில் அளக்கப்பட்டன. இவை ஒருவழிப் பாதை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது விற்பவருக்குத் தெரியாது. பத்து மதிப்பீடுகளாவது சேர்ந்த பிறகே சராசரி வெளியாகும். பதிலடிக்கு அஞ்ச வேண்டியிராததால் இந்த நட்சத்திரங்களில் வாங்குபவர் 2008 மே மாதத்துக்கு முன்பும் பின்பும் ஒரே சுதந்திரத்தோடுதான் பேசினார். எனவே மே மாதத்துக்குப் பின் இவை உயர்ந்தால், மாறியது வாங்குபவரின் நாக்கு அல்ல, விற்பவரின் நடத்தை என்று கொள்ளலாம். டோபியாஸ் க்ளைன், கிறிஸ்டியான் லம்பெர்ட்ஸ், கொன்ராட் ஸ்டால் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. நட்சத்திரங்கள் உயர்ந்தன. விற்பவர்கள் சந்தையைவிட்டு வெளியேறும் வேகமோ கூடவில்லை. மோசமானவர்கள் ஓடிப்போனதால் சராசரி உயரவில்லை. இருந்தவர்களே கூடுதல் கவனத்தோடு விற்கத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் முடிவு.

இதை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை தேவை. அதே ஆண்டில்தான் நட்சத்திர மதிப்பெண்களோடு பெரிய விற்பனையாளர்களின் கட்டணத் தள்ளுபடியும், தேடினால் யார் சரக்கு மேலே வரும் என்ற வரிசையும் கட்டப்பட்டன. நல்ல நட்சத்திரத்துக்குப் பணமே கிடைக்கிறது என்றால் நடத்தை திருந்துவதற்கு அதுவும் காரணமாகலாம். ஆகவே உயர்வின் முழுப் பெருமையையும் ஒரே விதிக்குத் தருவது மிகையாகும். ஆனாலும் திசையைப் பற்றி ஐயமில்லை. வாங்குபவரின் பயம் நீங்கிய சந்தையில் விற்பவரின் பொறுப்பு கூடியது. பதிலடி மிரட்டலுக்கும் பயன்பட்டது என்பதை விற்பவர்களின் வழக்கை ஆதரிப்பவர்களும் மறுக்க முடியாது. விற்பவரைத்தான் முதலில் கட்டுப்படுத்தவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைய வியாபாரத்தில் பணம் முன்னால் போகிறது, பொருள் பின்னால் வருகிறது. பணம் வந்து சேர்ந்ததும் விற்பவரின் ஆபத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வாங்குபவரின் ஆபத்தோ அப்போதுதான் தொடங்கும். ஆபத்து சமமாக இல்லாத இடத்தில் பேச்சுரிமையும் சமமாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்த முடியாது.

இதற்கு நல்ல மறுப்பு ஒன்று உண்டு. பயத்தைப் போக்க ஒரு தரப்பின் வாயை அடைப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? இரு தரப்பும் எழுதட்டும், ஆனால் இருவரும் எழுதி முடிக்கும்வரை எதுவும் வெளிவரக்கூடாது என்று வைத்தால் பதிலடிக்கு இடமேது? கேரி போல்டன், பென் கிரைனர், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயின் பதிவுகளை அலசியதோடு, ஆய்வகத்திலும் இந்த மாற்று வழியைச் சோதித்தார்கள். மூடிவைக்கும் முறை, ஒருவழி நட்சத்திர முறை இரண்டுமே பழைய முறையைவிடத் தேறின. வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி 2014இல் மூடிவைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. விருந்தினரும் வீட்டுக்காரரும் எழுதிய பிறகோ 14 நாள் கழிந்த பிறகோதான் இரண்டும் சேர்ந்து வெளியாகும். அங்கே அது பொருந்துகிறது. ஏனெனில் விருந்தினர் வீட்டுக்குள் தங்குகிறார், சாமானை உடைக்கலாம், அக்கம்பக்கத்தைத் தொல்லைப்படுத்தலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த விருந்தினரின் கதை தெரியவேண்டும். தபாலில் நாணயம் வாங்குபவரால் அவ்வளவு கேடு விளைவதில்லை. ஆயினும் இந்த மறுப்பு ஒன்றை நிறுவிவிடுகிறது. ஒருவழி மதிப்பீடு என்பது இயற்கை விதியல்ல, நிறுவனம் செய்த தேர்வு. இன்னொரு வழி இருக்கையில் ஒரு தரப்பின் உரிமையைக் குறைக்கும் தேர்வைச் செய்தவர், அதனால் வரும் கடனையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

அந்தக் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். பணம் கட்டாத வாங்குபவரைப் பற்றிப் பிற விற்பவர்களுக்கு எச்சரிக்கை விடும் வழி போனது. அதற்குப் பதில், கட்டாதவரைப் பற்றி நிறுவனத்திடம் புகார் பதியலாம், சில வகை வாங்குபவர்களைத் தன் ஏலத்தில் சேராமல் தடுக்கலாம் என்ற வசதிகள் தரப்பட்டன. பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ‘மோசம்’ போடுவேன் என்று மிரட்டும் வாங்குபவரைப் பற்றியும் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். வாங்கியவரின் குறிப்புக்குக் கீழே விற்பவர் ஒரு வரி விளக்கம் எழுதுவது தடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் விற்பவரின் நல்மதிப்பீட்டு விழுக்காட்டைக் குறைப்பது மதிப்பீடுதான். விளக்கம் அந்தக் கணக்கில் சேராது. ஆக, முன்பு பொதுவெளியில் நடந்த வாக்குவாதம் இப்போது நிறுவனத்தின் உள்அறைக்கு மாறியது. வாதி, பிரதிவாதி இருவரும் இருந்த இடத்தில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்தார். எந்த ஆதாரத்தை ஏற்பார், எவ்வளவு நாளில் முடிப்பார், தவறினால் எங்கே மேல்முறையீடு என்பதெல்லாம் அவரே எழுதிக்கொண்ட விதி. 2008இன் உண்மையான மாற்றம் இதுதான். அதிகாரம் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குப் போனதாகத் தோன்றியது. மெய்யாகப் போய்ச் சேர்ந்தது நிறுவனத்திடம்.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஈபேயின் பிற்கால விதிகளே சாட்சி. 2014 ஆகஸ்டில் ‘குறை விகிதம்’ என்ற அளவை அது கொண்டுவந்தது. ‘மோசம்’ மட்டுமல்ல, ‘நடுத்தரம்’ என்ற மதிப்பீடு, குறைந்த நட்சத்திரம், விவரித்தபடி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கேட்பது எல்லாமே ஒவ்வொரு குறையாக எண்ணப்பட்டன. மொத்த வியாபாரத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விற்பவர் தரம் குறைந்தவராகக் கருதப்படுவார். உயர்தர முத்திரைக்கு 2 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். அதாவது வாங்குபவரின் மனக்குறை, அது நியாயமா என்று யாரும் பார்க்காமலேயே, தண்டனைக் கணக்கில் ஏறியது. 2016 பிப்ரவரியில் ஈபே தானாகவே இதைத் திருத்தியது. மதிப்பீடுகளும் நட்சத்திரங்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. விற்பவரே ரத்துசெய்த வியாபாரம், விற்பவர் தீர்க்காமல் விட்ட தகராறு ஆகிய சரிபார்க்கக்கூடிய செயல்கள் மட்டுமே குறையாக எண்ணப்பட்டன. திருத்தம் நல்லதே. ஆனால் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் அந்த அளவுகோலால் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு அதைத் தட்டிக்கேட்க வெளியே ஒரு மன்றம் இருக்கவில்லை. தவறைச் செய்ததும் நிறுவனம், திருத்தியதும் நிறுவனம். இரண்டுக்கும் நேரம் குறித்ததும் அதுவே.

நிறுவனம் நடுநிலையான நீதிபதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாமே என்று கேட்கலாம். விற்பவரும் அதன் வாடிக்கையாளர்தானே, கமிஷன் கொடுப்பவரே அவர்தானே? இதற்கு விடை ஈபேயின் உள்ளிருந்தே வந்தது. அங்கே பணியாற்றிய ஸ்டீவன் டடெலிஸ், கிறிஸ் நோஸ்கோவுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, விற்பவர்களின் நல்மதிப்பீட்டு விழுக்காட்டின் சராசரி 99க்கு மேல் இருந்தது. ஆனால் மொத்த வியாபாரத்தில் எத்தனைக்கு ‘நல்லது’ விழுந்தது என்று மௌனத்தையும் சேர்த்து எண்ணினால் அது சுமார் 64 விழுக்காட்டுக்கு இறங்கியது. இன்னும் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. மோசமான ஒரு விற்பவரிடம் மாட்டிக்கொண்ட வாங்குபவர் பெரும்பாலும் அந்த விற்பவரை மட்டும் தவிர்ப்பதில்லை; சந்தையையே விட்டுப் போய்விடுகிறார். ஒருவர் செய்த தவறுக்கான விலையை மற்ற விற்பவர்களும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கிறார்கள். இதனால்தான் வாங்குபவரைக் காப்பாற்ற நிறுவனத்துக்கு இவ்வளவு அக்கறை. அந்த அக்கறை நியாயமானதும்கூட. ஆனால் அதே காரணத்தால், ஒரு தகராறில் யார் பக்கம் உண்மை என்பது தெளிவில்லாதபோது விற்பவரை விட்டுக்கொடுப்பதே நிறுவனத்துக்கு மலிவு. வாங்குபவர் கோபித்துக்கொண்டால் போய்விடுவார். விற்பவர் கோபித்துக்கொண்டாலும் போக முடியாது. ஒரு பக்கம் சாய்வதில் லாபம் காணும் நீதிபதியின் நேர்மையை மட்டும் நம்பி வழக்கை ஒப்படைக்கக்கூடாது.

விற்பவர் ஏன் போக முடியாது என்பதே அடுத்த மறுப்புக்கும் பதிலாகிறது. தனியார் கடை, அதன் விதி பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகட்டும் என்பார்கள். பழைய அஞ்சல் அட்டைச் சோதனையை நினைத்துப் பார்த்தால் இதன் பலவீனம் புரியும். அதே மனிதர், அதே சரக்கு. கணக்கு மட்டும் புதியது என்றால் கிடைக்கும் விலை குறைகிறது. ஈபேயில் பத்தாண்டு சேர்த்த நற்பெயரை இன்னொரு தளத்துக்கு எடுத்துப்போக வழியில்லை. விற்பவர் உழைத்துச் சேர்த்த சொத்து, பூட்டும் சாவியும் சந்தைக்காரரிடம். விற்பவர்கள் வெளியேறவில்லை என்ற க்ளைன் குழுவின் முடிவையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கவேண்டும். அவர்கள் திருந்தினார்கள் என்பதற்கு அது சான்று. அவர்களுக்குக் குறையே இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் இதை உணர்ந்தது. விற்பனையாளர்களின் புகார்களை ஏற்று அமேசான் மீது அது தொடங்கிய விசாரணையின் விளைவாக 2019 ஜூலையில் அந்நிறுவனம் தன் ஒப்பந்த விதிகளை மாற்ற ஒப்புக்கொண்டது. காரணம் சொல்லாமல் உடனடியாகக் கணக்கை மூடலாம் என்றிருந்த விதிக்குப் பதிலாக, வழக்கமான நீக்கத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வந்தது. கணக்கை முடக்கவும் மூடவும் காரணம் சொல்லவேண்டும் என்றானது. இந்த மாற்றம் ஜெர்மனியோடு நிற்கவில்லை, அமேசானின் சந்தைகள் உலகெங்கும் இதை ஏற்றன. அதனால் சந்தையின் குடி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2019இல் நிறைவேறி 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை, இணையச் சந்தைகளுக்கும் அங்கே தொழில் செய்பவர்களுக்கும் இடையிலான உறவைக் குறித்தது. விதிகளை மாற்றினால் குறைந்தது 15 நாள் முன்பே சொல்லவேண்டும். ஒருவரைத் தடைசெய்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தேடல் வரிசையை முடிவுசெய்யும் முதன்மையான காரணிகளை வெளியிடவேண்டும். முறையீட்டைக் கேட்க உள்ளுக்குள்ளேயே ஓர் அமைப்பு வைக்கவேண்டும். சிறிய தளங்களுக்கு இந்தக் கடைசிக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. இவற்றில் எதுவும் விற்பவருக்கு ‘மோசம்’ போடும் பழைய உரிமையைத் திருப்பித் தரவில்லை. தரவேண்டியதும் இல்லை. பதிலடியைத் தடுத்த இடத்தில் முறையீட்டை வைத்தது என்பதே அதன் சிறப்பு.

முறையீட்டைக் கேட்கத் தொடங்கினால் ஏமாற்றுப் பேர்வழிகள் ஒவ்வொரு விமர்சனத்தையும் இழுத்தடித்து அமுக்கிவிடுவார்கள் என்பது வலுவான அச்சம். ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 28 தீர்ப்பு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. ஈபேயில் ஒருவர் இணைப்புக் கவ்விகள் நான்கை 19.26 யூரோவுக்கு வாங்கினார், அதில் 4.90 யூரோ அனுப்பும் கட்டணம். பொருள் நல்லது, அனுப்பும் கட்டணம் பகற்கொள்ளை என்ற பொருள்பட அவர் எழுதினார். மதிப்பீடு காரணகாரியத்தோடு இருக்கவேண்டும் என்ற ஈபேயின் விதியைக் காட்டி, அதை நீக்கச் சொல்லி விற்பவர் வழக்குத் தொடுத்தார். கீழமை மன்றங்கள் இரண்டும் மாறுபட்ட முடிவுக்கு வந்தன. உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. காரமான சொல்தான், ஆனாலும் அது கட்டணத்தைப் பற்றிய கருத்து, ஆளை இழிவுபடுத்தும் வசையல்ல, நிறுவனத்தின் விதி அந்தச் சுதந்திரத்தைக் குறைக்கவும் இல்லை என்றது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. வாங்குபவரின் கருத்தில் கைவைக்கக்கூடாது. அவர் சொல்லும் செய்தியைச் சோதிக்கலாம். கட்டணம் அதிகம் என்பது கருத்து. பொட்டலம் வரவே இல்லை என்பது செய்தி. கொரியர் ரசீது பொய்யென்று காட்டும் செய்திக்கு எதிராக முறையிட இடம் வேண்டும். விசாரணை முடியும்வரை மதிப்பீடு பொதுவெளியில் அப்படியே நிற்கட்டும்; அதைக் கொண்டு கணக்கை முடக்குவதும் தேடல் வரிசையில் கீழே தள்ளுவதும் மட்டும் காத்திருக்கட்டும். இந்த ஏற்பாட்டில் இழுத்தடிப்பவருக்கு விமர்சனத்தை மறைக்கும் லாபம் கிடைக்காது. நேர்மையானவருக்குப் பிழைப்பு போகும் அபாயமும் நீங்கும்.

இந்தியாவுக்கு இந்தக் கதை அன்னியமல்ல. 2004இல் பாசீ.காம் தளத்தை வாங்கி இங்கே நுழைந்த ஈபே இந்தியா 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் விற்பவர் மதிப்பிடப்படுவார், மதிப்பிட மாட்டார் என்ற முறை நம் ஊர்த் தளங்களிலும் வழக்கமாக நிலைத்துவிட்டது. இங்கே ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. ஈபேயில் பணம் முன்னால் போனது. நம்மிடம் பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் வழக்கம் பரவலானது. திருப்பூரிலிருந்து நூறு பனியன் அனுப்பும் சிறு வியாபாரியின் சரக்கை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிடலாம். வியாபாரிகள் ஆர்டிஓ என்று அலுத்துக்கொள்ளும் இந்தத் திரும்பலில் சரக்கு முடங்கிக் கிடந்த நாட்களின் நட்டமும் நலுங்கிய பொட்டலமும் விற்பவர் தலையில்தான் விடியும். அதாவது, விற்பவரின் ஆபத்து சிறிது என்ற என் முந்தைய வாதம் இங்கே பாதிதான் பொருந்தும். அதனால் முறையீட்டின் தேவை இங்கே இன்னும் அதிகம். 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வாங்குபவரின் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஏற்புத் தெரிவித்து ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. தேடல் வரிசையின் முதன்மைக் காரணிகளை விளக்கச் சொல்கின்றன. விற்பவரை நீக்கும் முன் காரணமும் கால அவகாசமும் தரவேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. வணிக நோக்கில் சேவை பெறுபவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கான விலக்கும் வாங்கிய பொருளுக்கே சொல்லப்பட்டிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அது சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்படுகிறதா என்ற பெரிய கேள்வியைப் பற்றியது. ஒரு தனி வியாபாரியின் கணக்கு முடங்கினால் அவர் அடுத்த மாத வாடகைக்குள் போய் நிற்கக்கூடிய இடம் அதுவல்ல.

ஆகவே இங்கே செய்யவேண்டியது ஐரோப்பிய விதியைப் படியெடுப்பதல்ல. அதன் அடிப்படையை ஏற்பது. மின்வணிக விதிகளில் வாங்குபவருக்குத் தந்த அதே 48 மணி நேர ஏற்பையும் ஒரு மாதத் தீர்வையும் விற்பவருக்கும் நீட்டலாம். முடக்கத்துக்கு எழுத்துமூலக் காரணம், விதிமாற்றத்துக்கு முன்னறிவிப்பு ஆகிய இரண்டையும் சேர்க்கலாம். விற்பவர்களின் முறையீடுகளில் எத்தனையில் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடச் செய்யலாம். அந்த ஒரு எண்ணே உள்விசாரணை மெய்யா கண்துடைப்பா என்று காட்டிவிடும். இதனால் தளங்களுக்குச் செலவு கூடும், அது கடைசியில் விலையில் ஏறும் என்பது சரி. ஆனால் அந்தச் செலவு புதிதாக முளைப்பதல்ல. இன்று அது அநியாயமாக முடக்கப்பட்ட சிறு வியாபாரிகள் சிலர் தலையில் மொத்தமாக விழுகிறது. நாளை எல்லோர் மீதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். வாங்குபவர் அஞ்சாமல் பேசுவதற்காக விற்பவர் மௌனமாக இருக்கவேண்டும் என்றது 2008இன் விதி. அந்த மௌனத்தால் எல்லோருக்கும் பயன் உண்டு. அதன் விலையையும் எல்லோரும் சேர்ந்து கொடுப்பதே நியாயம்.